முன் அக்சில் மாத்துறதுக்கு முந்தி ஒரு கணக்கு



நம்ம லயத்துப் பிள்ளைகள் பலர் தோட்டத்து லொறியிலும் பழைய லேண்ட்ரோவரிலும் கை பழகி, பிறகு வெளியூர் போய் டிரைவர் வேலை பார்க்கிறார்கள். அப்படிப் போன தம்பி ஒருவர் புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லுவிலிருந்து நமக்குக் கடிதம் போட்டிருந்தார். கையில் சீரிஸ் 3 லேண்ட்ரோவர். கஜூத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றுகிறார். எலுவன்குளம் பக்கமாக வில்பத்து பார்க்க வருகிறவர்களையும் கொண்டு போகிறார்.

"முன் அக்சில் ரெண்டு தரம் உடைஞ்சு போச்சு. கராஜ்ல டிபெண்டர் முன் அக்சில் ஒண்ணு இருக்கு, அது பலமானதுன்னு சொல்றாங்க. அம்மாட சங்கிலிய அடகு வச்சு வாங்கவா?" என்பது அவர் கேள்வி.

அவருக்கு நாம் எழுதிய பதிலையே இந்த முறை எல்லாருக்கும் பாடமாகத் தருகிறோம்.

1. உடைந்தது எது, ஏன்?

அக்சில் உடைந்தது என்றால் போதாது. உள்ளே கிரவுன் வீல் பல்லா, ஷாப்டா, சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள யுனிவர்சல் ஜொயின்டா? சீரிஸ் லேண்ட்ரோவரில் சாதாரணமாக முதலில் முறிவது பின் ஷாப்ட்தான். முன்பக்கம் திரும்பத் திரும்ப உடைந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஒன்று, தண்ணீர். மழைக்காலத்தில் கலா ஓயா பெருகும்போது சப்பாத்துப் பாலத்துக்கு மேலாகத் தண்ணீர் பாயும். முன் சக்கரத்துக்கு உட்பக்கத்து உருண்டையில் சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆணியைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெயே இல்லாவிட்டால் ஜொயின்ட் காய்ந்து தேயும்.

இரண்டு, பழக்கம். மணலில் போர்-வீல் போட்டவர், புத்தளம் தார் ரோட்டுக்கு ஏறியும் அதை எடுக்காமல் ஓட்டுகிறார். சீரிஸ் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிபரன்சல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் போகும். மணலில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிவிடும், தாரில் வழுக்காது. அந்த முறுக்கம் முழுவதும் ஷாப்டிலும் பல்லிலும் இறங்கும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டாலும் இதே கதைதான்.

2. முன்னும் பின்னும் ஒரே விகிதம்

இதுதான் பாடத்தின் உயிர். புரோப்பலர் ஷாப்ட் எத்தனை தரம் சுற்றினால் சக்கரம் ஒரு தரம் சுற்றும் என்பதே விகிதம். சீரிஸ் லேண்ட்ரோவரில் கிரவுன் வீலுக்கு 47 பல், பினியனுக்கு 10 பல். ஆக 4.7. டிபெண்டரில் 46 பல்லுக்கு 13. ஆக 3.54. பழைய வில்லீஸ் ஜீப்பில் 43க்கு 8, அதாவது 5.38.

இப்போது பின்னால் 4.7, முன்னால் 3.54 என்று வைத்துக்கொள்வோம். போர்-வீல் போட்டதும் இரண்டு புரோப்பலர் ஷாப்டும் ஒன்றாகச் சுற்றும். 47 சுற்றுக்குப் பின் சக்கரம் 10 சுற்று போகும், முன் சக்கரமோ 13 சுற்றுக்கு மேல் போகும். ஒரே வண்டிக்கு ரெண்டு வேகம்! மணலில் டயர் தேயும், இறுகிய நிலத்தில் ஏதோ ஒன்று உடையும். எவ்வளவு பலமான அக்சிலும் இதைத் தாங்காது.

எண்ணிப் பார்ப்பது எப்படி? கழற்றி வைத்த அக்சிலில் ஒரு பக்கத்து ஹப்பை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று என்று சோக்கட்டியால் அடையாளம் போட்டு எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.7. மூன்றரை என்றால் 3.54. வண்டியிலுள்ள பின் அக்சிலுக்கு ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து எண்ணலாம். ஆனால் கவனம்: லேண்ட்ரோவரின் ஹேண்ட் பிரேக் புரோப்பலர் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. அதை விட்டால்தான் ஷாப்ட் சுற்றும். ஆகவே மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் கிட்டப் போகக் கூடாது.

3. மற்றப் பொருத்தங்கள்

டிபெண்டர் அக்சில் சீரிஸ் அக்சிலை விட அரை அடி அளவுக்கு அகலம். அதற்குச் சுருள் ஸ்பிரிங், சீரிஸுக்குப் பட்டை ஸ்பிரிங். ஆகவே பிராக்கெட் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டி வரும். அந்தச் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் ஓடும்போது ஸ்டியரிங் உதறும். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் என்று வந்தால் மாஸ்டர் சிலிண்டரும் அதற்கு ஏற்றதாக வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் வண்டிக்குள் இருப்பவர்களின் உயிர். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அப்படியானால் பலமான அக்சில் எப்போது தேவை? பாரமான டீசல் எஞ்சின், பெரிய டயர், தினமும் முழுப் பாரம் என்றால் தேவைதான். அப்போது முன்னும் பின்னும் சோடியாக, ஒரே விகிதத்தில், ஒரே அகலத்தில் பாருங்கள். நீளமான 109 அங்குல லேண்ட்ரோவரின் பின்பக்கத்துச் சால்ஸ்பரி அக்சில் பெரியது, ஆனாலும் அதன் விகிதம் அதே 4.7. செய்தவர்களே பலத்தைக் கூட்டினார்கள், விகிதத்தில் கை வைக்கவில்லை.

தம்பி எண்ணிப் பார்த்தார். கராஜில் இருந்த அக்சில் மூன்றரைதான் சுற்றியது. தன் வண்டியின் உருண்டையைத் திறந்தால் பால் தேத்தண்ணி! சீல் மாற்றி, ஜொயின்ட் போட்டு, புது எண்ணெய் ஊற்றினார். தார் ரோட்டுக்கு ஏறியதும் போர்-வீலை எடுத்துவிடுகிறார். சங்கிலி அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள்:

1. 43 பல்லுக்கு 8 பல் என்றால், புரோப்பலர் ஷாப்ட் 43 தரம் சுற்றும்போது சக்கரம் எத்தனை தரம் சுற்றும்?
2. தார் ரோட்டில் போர்-வீலை ஏன் எடுக்க வேண்டும்?
3. ஆற்றைக் கடந்து வந்த பிறகு முதலில் எதைத் திறந்து பார்ப்பீர்கள்?