எலக்ட்ரானின் தற்சுழற்சி: ஓர் ஆராய்ச்சி கற்பிக்கும் பாடம்

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதற்குத் தற்சுழற்சி என்னும் மற்றொரு பண்பும் உண்டு. இதனால் ஒவ்வோர் எலக்ட்ரானும் நுண்ணிய காந்தம்போல் இயங்குகிறது. இப்பண்பைப் பயன்படுத்தும் துறையே ஸ்பின்ட்ரானிக்ஸ். இது வளர்ந்த வரலாறு, ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோரும் அறிய வேண்டியதாகும்.

பொறுமையின் பயன்

பிரான்சிலுள்ள ஓர்சே நகரில் ஆல்பர்ட் ஃபெர்ட் 1970-இல் தமது முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். காந்த உலோகங்களில், எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இருவகை எலக்ட்ரான்கள் வெவ்வேறு அளவு மின்தடைக்கு உட்படுவதை அவர் ஆராய்ந்தார். இவ்விளைவை முழுமையாகப் பயன்படுத்தச் சில நானோமீட்டர் தடிமனுள்ள படலங்கள் தேவை. நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்தகைய படலங்களைச் செம்மையாக அமைக்கும் நுட்பம் அன்று இல்லை.

1976-இல் பேராசிரியரான ஃபெர்ட், பின்னர்த் தாம்சன்-சி.எஸ்.எஃப். நிறுவன ஆய்வாளர்களுடன் இணைந்து, இரும்பையும் குரோமியத்தையும் மாறி மாறி அடுக்கி ஆராய்ந்தார். அடுத்தடுத்த இரும்புப் படலங்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக இருக்கும்போது இருவகை எலக்ட்ரான்களுமே தடைபடுகின்றன. காந்தப்புலத்தால் அத்திசைகள் ஒன்றானதும் ஒருவகை எளிதில் கடக்கிறது. மின்தடை பெரிதும் குறைகிறது. 1988-இல் கண்டறியப்பட்ட இவ்விளைவு 'பெருங் காந்தமின்தடை' எனப்படுகிறது. ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும் தனியாக இதனைக் கண்டறிந்தார். இருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

மெல்லிய காந்தப்புலத்தையும் இவ்விளைவால் உணர முடியும். எனவே, 1997-இல் கணிப்பொறியின் வன்தட்டுப் படிப்பு முனைகளில் இது இடம்பெற்றது. சிறு பரப்பில் மிகுந்த தகவலைச் சேமிக்க வழி பிறந்தது. முனைவர் ஆய்விலிருந்து கண்டுபிடிப்பு வரை 18 ஆண்டுகள். அதிலிருந்து சந்தை வரை 9 ஆண்டுகள்.

நம் நாட்டில்

இந்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை 2001-இல் நானோ அறிவியல் முனைப்பைத் தொடங்கியது. 2007-இல் ஐந்தாண்டுகளுக்கு ரூ.1,000 கோடி ஒதுக்கீட்டில் நானோ இயக்கம் ஏற்பட்டது. ஆய்வுத் திட்டங்களுடன் முதுநிலைப் படிப்புகளுக்கும் அது உதவி அளித்தது.

கருவிகளை வாங்குவதுடன் பணி முடிவதில்லை. அவற்றை இயக்கவும் பராமரிக்கவும் பயிற்சி பெற்றோர் வேண்டும். மாணவர் தம் கையாலேயே படலம் அமைத்து அளந்து பழக வேண்டும். ஐந்தாண்டு முடிவில் விற்பனைப் பொருள் உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால், ஓர்சே ஆய்வு 1975-லேயே நின்றிருக்கும். ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் அலுவலர்கள் இதனை நினைவில் கொள்வது நலம்.