கண்ணாடித் தொட்டியில் நீர்ப்பூண்டுகளும் விளக்கு வெளிச்சமும்

கம்பம் பள்ளத்தாக்கில் வெளிச்சத்தின் அருமை அறியாத குடியானவர் இல்லை. மேற்கு மலைமீது பயிராகும் ஏலச்செடிக்கு மரநிழல் இன்றியமையாதது. நிழல் நீங்கினால் இலை கருகும். அம்மலையின் அடிவாரத்திலோ, திராட்சைக் கொடி பந்தலின்மேல் நல்ல வெயிலில் படர்ந்தாலன்றிச் செவ்வையாகக் காய்ப்பதில்லை. ஒரு பயிருக்கு ஏற்ற வெளிச்சம் மற்றொன்றுக்குக் கேடாகும் என்னும் இவ்வுண்மை, வீட்டுக் கூடத்தில் மீனும் நீர்ப்பூண்டும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும்.

இத்தகைய தொட்டியை வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ புதிதாக வைப்போர், மிகப் பிரகாசமான விளக்கே நல்ல விளக்கென்று எண்ணிப் பொருள் செலவிடுவதுண்டு. சில வாரங்களுக்குள் கண்ணாடியெங்கும் பாசி படர்ந்து, பூண்டுகள் நலிந்து, செலவு வீணாகிறது. விளக்கின் பலத்தையும் அது எரியும் நேரத்தையும் பூண்டின் தேவைக்கு இசைய அமைத்துக்கொண்டால் இந்நஷ்டம் நேராது.

வெளிச்சத்தின் தொழில்

நீரில் அமிழ்ந்த பச்சிலை சூரிய வெளிச்சத்தில் பிராணவாயுவைக் குமிழி குமிழியாக வெளியிடுவதையும், இருளில் அவ்வாறு வெளியிடாததையும், யான் இங்கென்ஹவுஸ் என்னும் டச்சு வைத்தியர் 1779-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இரவில் பூண்டுகளும் மீன்களைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். பூண்டும் பாசியும் அளவுக்கு மிஞ்சிய தொட்டியில், மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து மூச்சுக்குத் திணறுவது இக்காரணத்தாலேயே.

வெளிச்சம் மட்டும் பூண்டுக்கு ஆகாரமாகாது. நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவும், தழை, மணி, சாம்பல் சத்துக்களும், இரும்பு முதலிய நுண்சத்துக்களும் உடன் வேண்டும். எருவில்லாத வயலில் நீரை மட்டும் மிகுதியாகப் பாய்ச்சினால் பயிர் செழிப்பதில்லை, களையே மிகும். அதுபோல, மற்றச் சத்துக்கள் குறைவாயிருக்க வெளிச்சத்தை மட்டும் கூட்டினால், எஞ்சிய வெளிச்சத்தைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும்.

பூண்டுகளின் வகை

விளக்கை வாங்குமுன் எவ்வகைப் பூண்டு வளர்ப்பது என்று தீர்மானித்தல் முறையாகும். அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகோரைன் ஆகியவை ஏலத்தைப் போல மங்கலான வெளிச்சத்திலும் வளர்பவை. கிரிப்டோகோரைன் இனங்களிற் சில மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரியவை. நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியாவிற்கு நடுத்தர வெளிச்சம் போதும். சிவந்த இலையுடைய ரோட்டாலா போன்றவை திராட்சையைப் போல மிகுந்த வெளிச்சத்தை விரும்புபவை. அவற்றிற்குக் கரியமில வாயுவையும் தனியாகச் செலுத்த வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குவோர் முதல் இரு வகைகளோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.

விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

விளக்கிலிருந்து வெளிப்படும் வெளிச்சத்தின் அளவு லூமென் எனப்படும். வாட் என்பது மின்சாரச் செலவின் அளவேயன்றி வெளிச்சத்தின் அளவன்று. விளக்கின் அட்டைப்பெட்டியில் இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். உத்தேசமாக, மங்கல் வெளிச்சப் பூண்டுகளுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 10 முதல் 20 லூமென் வரையிலும், நடுத்தர வகைக்கு 20 முதல் 40 லூமென் வரையிலும் போதுமானது. 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் நீர் நிற்கும். அதற்கு 1,000 லூமென் தரும் ஓர் எல்.இ.டி. விளக்கு போதும். இது ஏறக்குறைய 10 வாட் விளக்காகும். தொட்டி ஆழமாயிருந்தால் அடியிலுள்ள பூண்டுக்கு எட்டும் வெளிச்சம் குறையும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

பகல் வெளிச்சத்தை ஒத்த 6,500 கெல்வின் வெண்ணிற விளக்கு தகுதியானது. தொட்டியின் நீளம் முழுவதும் பரவும் குழல் வடிவ விளக்கே ஓரிடத்தில் குவியும் குமிழ் விளக்கினும் நலம். வெளிச்சம் மிகுதியெனத் தோன்றினால் விளக்கைச் சில அங்குலம் உயர்த்திக் கட்டினால் போதும். வேறு விளக்கு வாங்குவது அநாவசியம்.

ஜன்னலோரத்தில் தொட்டியை வைத்து விளக்குச் செலவை மிச்சப்படுத்த எண்ணுவது தவறு. உச்சிவேளை வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் ஆகும். அதை அளவிட்டுக் கொடுக்க இயலாது. சித்திரை, வைகாசி மாதங்களில் நீரும் மீனுக்கு ஆகாதபடி சூடேறும்.

எரியும் நேரம்

முதல் மாதத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரமும், பூண்டுகள் வேரூன்றியபின் 8 மணி நேரமும் விளக்கெரிதல் போதுமானது. ஒருநாள் நான்கு மணி, மறுநாள் பன்னிரண்டு மணி என்று மாறுதல் கூடாது. குறித்த வேளையில் தானே ஏற்றி அணைக்கும் கடிகார ஸ்விட்சு இதற்கு மிகவும் உபயோகமானது. இரவு முழுவதும் விளக்கெரிப்பது தகாது. இமையற்ற மீன்களுக்கு இருளே ஓய்வு. 10 வாட் விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் ஆகும் மின்சாரம் 2.4 யூனிட் மட்டுமே.

குறிகளும் பரிகாரமும்

தண்டு நீண்டு, கணுக்களுக்கிடையே இடைவெளி மிகுந்து, கீழிலைகள் உதிர்ந்தால் வெளிச்சம் குறைவென அறியலாம். கண்ணாடியிலும் இலையிலும் பாசி படர்ந்தால் நேரத்தை ஒரு மணி குறைத்து, மீனுக்கிடும் இரையைச் சுருக்கி, வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றவேண்டும். ஒரு மாறுதல் செய்தபின் இரண்டு வாரம் பொறுத்துப் பலனைக் கண்ட பிறகே அடுத்ததைச் செய்வது நலம்.

எச்சரிக்கை

விளக்குக் கம்பி தொட்டியிலிருந்து நேரே ஸ்விட்சுக்குச் செல்லாமல், நடுவில் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி அமைக்கவேண்டும்; கம்பி வழியே வடியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். நீரில் கையிடுமுன் மின்சாரத்தை நிறுத்துதல் கட்டாயம். 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வீட்டு இணைப்பில் பொருத்துவது உயிருக்குக் காவலாகும்.

நல்ல வெளிச்சத்தில் பூண்டுகள் விரைவில் வளர்ந்து, அடிக்கடி கத்தரிக்க நேரும். கத்தரித்த துண்டுகளை வாய்க்காலிலும் கண்மாயிலும் எறியாமல், வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடவேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நாடெங்கும் ஏரிகளை அடைத்துக் கிடப்பது அனைவரும் கண்டதே. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இப்பள்ளத்தாக்கில் இறங்கிப் பாய்கிறது. அதனை நம்பி இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. கூடத்துத் தொட்டியில் அழகு தரும் பூண்டு அந்த வாய்க்கால்களில் களையாய்ப் பெருக இடங்கொடாதிருத்தல், தொட்டி வைப்போர் ஒவ்வொருவரின் கடமையாகும்.