வேக சென்சார் பழுதென்று தீர்ப்பதற்கு முன்

அரிமளத்தைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பாசன வயல்களில், பருவமழை இறங்கிச் சேற்றுழவு மும்முரமாக நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் டிராக்டர் ஒருநாள் நின்றுவிட்டால், நாற்றும் முதிர்ந்து போகும், அடுத்த வயல்காரருக்குக் கொடுத்த வாக்கும் தவறும். இப்படி நின்றுவிடும் யந்திரங்களில் அண்மைக் காலமாக ஒரு புது ஜாதி சேர்ந்திருக்கிறது. இஞ்சின் சீராக ஓடுகிறது; கிளட்சில் குறையில்லை; எண்ணெய் அளவும் சரி. ஆனால் முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, வேகம் காட்டும் இடத்தில் பூஜ்யம் நிற்கிறது, எலெக்ட்ரானிக் கியர் அமைந்த பெரிய வண்டியானால் மேல் கியருக்குப் போகவே மறுக்கிறது. "சென்சார் போய்விட்டது" என்று பக்கத்திலிருப்பவர் யாரேனும் தீர்ப்புச் சொல்ல, பணம் கொடுத்துப் புதியது வாங்கி மாட்டியாகிறது. விளக்கோ எரிந்துகொண்டே இருக்கிறது. அநேக சந்தர்ப்பங்களில் பழுது சென்சாரில் இல்லை, அதற்குப் போகும் வயரிலும் கப்ளரிலும் இருக்கிறது என்பதே இதற்குக் காரணம். ஆகவே வெளியிலிருந்து உள்ளே, செலவற்ற பரீட்சையிலிருந்து செலவுள்ளதற்கு என்ற கிரமத்தில் செல்வதுதான் புத்திசாலித்தனம்.

பழைய, சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இந்த வேக சென்சாரே கிடையாது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 என்னும் புகை விதி 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தபின், அந்த வகுப்பு வண்டிகளில் கணினிப் பெட்டியும் அதற்குச் செய்தி சொல்லும் சென்சார்களும் சாதாரணமாகிவிட்டன. எனவே தம் வண்டியில் இது உண்டா, உண்டானால் எந்த ஸ்தானத்தில் இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது முதற்காரியம்.

அதன் தத்துவம் எளியது. கியர் பெட்டிக்குள் சுழலும் ஒரு பற்சக்கரத்தின் எதிரே சென்சாரின் முனை நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு பிறக்கிறது. கணினி அதை எண்ணி வேகத்தைக் கணிக்கிறது. 60 பற்கள் கொண்ட சக்கரம் நிமிஷத்துக்கு 100 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 துடிப்பு வரும். பொதுவாக இரண்டு வயர் உள்ளது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் அதன் அடிப்படை. மூன்று வயர் உள்ளது, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்கும் ஹால் வகை. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும். இரண்டு வயருள்ள ஹால் வகையும் சில வண்டிகளில் உண்டாதலால், எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் கையேட்டைக் கேட்பது நலம். இன்னொன்றையும் மறக்கலாகாது: இந்தச் சென்சார் எண்ணுவது தண்டின் சுழற்சியை, நிலத்தில் வண்டி நகர்ந்த தூரத்தை அல்ல. சேற்றில் சக்கரம் வழுக்கி வண்டி நின்ற இடத்திலேயே நின்றாலும் பலகை வேகம் காட்டும், அது பழுதாகாது. டயரின் அளவை மாற்றிய பிறகு எந்த வேகத்திலும் ஒரே விகிதத்தில் அது பிசகுமானால், அதுவும் சென்சாரின் குற்றம் அல்ல; வண்டியின் அளவுத் திருத்தத்தைச் செய்தால் போதும்.

வேலைக்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, இணைத்த கருவியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிட்டுச் சக்கரங்களுக்கு அடைகொடுங்கள். இஞ்சின் ஓடும்போது வண்டியின் அடியில் புகவே கூடாது.

இனிப் பலகையில் தோன்றும் பழுது எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுப் பிறகு பார்க்கலாமென்று நினைப்பது, வைத்தியர் வருமுன் நோய்க்குறியைத் துடைத்துவிடுவதைப் போன்றது. ஜே 1939 என்னும் வண்டிக் கணினித் தகவல் முறையைப் பின்பற்றும் வண்டிகளில் 191 என்ற எண் கியர் பெட்டியின் வெளித்தண்டு வேகத்தைக் குறிக்கும். அதை ஒட்டி வரும் 3 மின்னழுத்தம் மிகுந்ததையும், 4 குறைந்ததையும், 5 மின்சுற்று அறுந்ததையும், 2 தகவல் தாறுமாறானதையும் சொல்லும். 5 வந்தால் வயர் அறுந்ததா, கப்ளர் கழன்றதா என்று தேடவேண்டும். 2 வந்தால் தளர்ந்த இணைப்பையும் முனையில் ஒட்டிய இரும்புத் தூளையும் சந்தேகிக்கவேண்டும். எண் காட்டுவது பழுது இருக்கும் மின்சுற்றையேயன்றி, மாற்றவேண்டிய பாகத்தை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

அடுத்தது வயரிங் பரிசோதனை. நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். சென்சாரிலிருந்து கணினிப் பெட்டி வரை வயரின் வழியைக் கையால் தடவிச் செல்லுங்கள். கொட்டகையில் சும்மா நிற்கும் மாதங்களில் எலி கடிப்பதும், தைலமரத் தூர்கள் நிறைந்த தரிசில் ஓட்டும்போது அடியில் தொங்கும் வயர் பிய்ந்துபோவதும், இவ்வூர்ப் பக்கத்தில் எதிர்பார்க்கவேண்டிய காரணங்கள். கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால், அல்லது சேறும் ஈரமும் இருந்தால், கான்டாக்ட் கிளீனர் தெளித்து உலர்த்துங்கள். ஊசிகளில் ஒன்று பின்வாங்கியிருந்தால், கப்ளரை மூடினாலும் தொடர்பு ஏற்படாது. மழைநாளில் மட்டும் தோன்றி வெயிலில் மறையும் பழுது அநேகமாகக் கப்ளரின் குற்றமே. வாட்டர் சர்வீஸின்போது அழுத்த நீரை இந்த இடத்தில் பாய்ச்சுவது, இதற்கு நாமே வழி செய்வதாகும். பேட்டரி முனைகளும் எர்த் இணைப்பும் இறுக்கமாயிருக்கின்றனவா, பியூஸ் சரியா என்பதையும் இவ்வேளையிலேயே பார்த்துவிடலாம்.

இதன்பின்தான் மல்டிமீட்டர். ஹால் வகையானால், சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமல், கப்ளரின் வண்டிப் பக்கத்தில் மின்சாரம் வரும் ஊசிக்கும் எர்த்துக்கும் இடையே அளவெடுங்கள்; கையேடு சொல்லும் 5 வோல்ட்டோ, 8 வோல்ட்டோ, 12 வோல்ட்டோ வரவேண்டும். வராவிட்டால் புதுச் சென்சாரும் வேலை செய்யாது. குறை வயரில் அல்லது கணினிப் பெட்டியில். வந்தால் கப்ளரை மாட்டி, வயரைக் குத்திக் காயப்படுத்தாமல் பின்பக்கத்திலிருந்து மீட்டரின் முனையை நுழைத்து, ஆளில்லாத திறந்த வெளியில் இன்னொருவர் வண்டியை மெல்ல நகர்த்த, ஓட்டுபவரின் இருக்கைக்கருகே நீட்டிய வயரின் வழியாகப் படியுங்கள். அளவு மேலும் கீழும் தாவினால் சென்சார் பேசுகிறது. கம்பிச்சுருள் வகையில் மின்தடையை ஓம் அளவிலும், நகரும்போது ஏசி வோல்ட்டையும் பார்க்கலாம். வேகம் கூடக் கூட வோல்ட் கூடவேண்டும். ஹால் வகையை ஓம் அளவால் சோதிப்பது பயனற்றது. பேட்டரியைக் கழற்றி, இரு முனைக் கப்ளர்களையும் அவிழ்த்து, ஒவ்வொரு வயரும் தொடர்ச்சியாயிருக்கிறதா, பக்கத்து வயரையோ சேஸிஸையோ தொடுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் ஓம் அளவைப் பயன்படுத்துங்கள். சில பட்டறைகளில் வழக்கமாக உள்ள 12 வோல்ட் சோதனை விளக்கைக் கணினி வயரில் பிரயோகித்தால், பெட்டியே பாழாகலாம். ஒரே மாதிரியான இரண்டு சென்சார்கள் உள்ள கியர் பெட்டியில், அவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விடத் தெளிவான பரீட்சை. எண்ணும் கூடவே மாறினால் குற்றவாளி சென்சார், மாறாவிட்டால் வயரிங்.

சென்சாரைக் கழற்றுமுன் சுற்றிலும் மண் ஒட்டாமல் துடையுங்கள். எண்ணெய் வழியக்கூடுமாதலால் அடியில் ஒரு தட்டு வையுங்கள். முனையில் சற்றே மெல்லிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு. சீவலும் துண்டுமாயிருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ தேய்கிறது, அதைப் பார்க்காமல் சென்சாரை மாற்றுவது கண்ணை மூடிக்கொள்வதாகும். துளை வழியே விளக்கடித்துப் பற்களின் நிலையைப் பாருங்கள். திருகி மாட்டும் வகையில், பல்லின் மேற்பரப்பு துளைக்கு நேரே வருமாறு தண்டைத் திருப்பிய பின்பே முனையைச் செலுத்தி, கையேடு விதித்த இடைவெளியை விட்டுப் பூட்டவேண்டும். பல் இடுக்கில் முனை நுழைந்தால் முதல் சுற்றிலேயே உடையும். ஓ ரிங்கை எண்ணெய் தடவிப் புதிதாகப் போடுங்கள். கழற்றியபோது எண்ணெய் வழிந்திருந்தால் அதன் அளவைச் சரிசெய்யுங்கள். பிறகு பழுது எண்ணை அழித்து வண்டியை ஓட்டிப் பார்த்து, அது திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள்.

டிரெய்லரையோ வண்டியையோ வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் கணினிக் கப்ளரையும் கழற்றிவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் வயரை வெட்டி ஒட்டவேண்டாம். அந்த உரிமை பறிபோக இடமுண்டு. புதிய சென்சார் கேட்கும்போது, பழையதன் மேல் பொறித்திருக்கும் பாக எண்ணையும் வண்டியின் சேஸிஸ் எண்ணையும் சேர்த்துச் சொல்லி வாங்குங்கள்.