பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய கணிப்பொறியும்

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை நேரில் கண்டிராத மாணவர் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். ஆள் உயர மரப்பெட்டி. இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கைப்பிடியும் சில பொத்தான்களும். அதற்கு மேல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு படக்குழாய்த் திரை. கீழே காசுத் துளையுள்ள சிறு இரும்புக் கதவு. இதுவே அதன் தோற்றம். ஜப்பானில் 1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் நாம்கோ வெளியிட்ட 'பேக்மேன்' ஆகியவை இத்தகைய பெட்டிகளில் ஆடப்பட்டவையே.

வீட்டிலேயே ஆடும் கருவிகள் பெருகியபின் இப்பெட்டிகள் பல மூலையில் ஒதுங்கின. அவற்றுள் ஒன்று கைக்குக் கிடைத்தால், உள்ளே ஒரு கணிப்பொறியை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மாணவருக்கு எழுவது இயல்பு. ஆசை நல்லதே. ஆனால் அவசரத்தில் செய்யும் மாற்றம், பழைய பொருளை மீட்க முடியாதபடி அழித்துவிடுவதும் உண்டு. அழிக்காமல் மாற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற் கேள்வி

பெட்டியைத் திறந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைக்கு இன்னும் உயிர் இருக்கிறதா? இருக்கிறது என்றால், அல்லது சிறு பழுது பார்த்தால் உயிர் பெறும் என்றால், அப்பெட்டியை மாற்றாதிருப்பதே அறிவுடைமை. பலகை அடியோடு கெட்டிருந்தாலோ, முன்பே எவரேனும் அதைக் கழற்றிச் சென்றிருந்தாலோ மட்டும் மேலே செல்லலாம். அப்போதும் எந்த வயரையும் வெட்டக் கூடாது. ஒவ்வோர் இணைப்பையும் படம் பிடித்து, பெயர்ச் சீட்டுக் கட்டி, பிறகே கழற்ற வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான இடம்

படக்குழாயின் உள்ளே, அதன் அளவைப் பொறுத்து, 15,000 முதல் 25,000 வோல்ட் வரை மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாய் அந்த மின்னூட்டத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஆகவே பயிற்சி பெற்றவர் ஒருவர் அதை முறைப்படி இறக்கும்வரை, திரையின் பின்புறத்தில் கை வைக்கலாகாது. குழாயின் மெல்லிய கழுத்தில் அடிபட்டாலும் குழாய் போய்விடும்.

மற்றொன்று: ஜப்பானிய வீடுகளில் வருவது 100 வோல்ட், நம் நாட்டில் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியை நேரே நம் சுவரில் செருகினால் நேரும் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் முதுகில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்து, தக்க டிரான்ஸ்பார்மர் வழியாகவே மின்சாரம் தர வேண்டும். திரையை மின்கம்பியிலிருந்து பிரித்துக் காப்பதற்கென்று வேறொரு டிரான்ஸ்பார்மரும் பல பெட்டிகளில் உண்டு. இடத்தை அடைக்கிறதே என்று அதைக் கழற்றி எறிவோர் உளர். அது பெரும் பிழை.

பொத்தானின் மொழி

1985-இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 'ஜாமா' என்னும் பொது இணைப்பு முறையை வகுத்தது. பலகையின் விளிம்பில் பக்கத்துக்கு 28 ஆக மொத்தம் 56 இணைப்பிடங்கள். படம், ஒலி, மின்சாரம், பொத்தான்கள் யாவும் இன்ன இன்ன இடத்தில் என்று வரையறை செய்தது. இம்முறையில் அமைந்த பெட்டியே மாற்றத்துக்கு எளியது. அதற்கு முற்பட்ட பெட்டிகளின் வயர் அமைப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

கைப்பிடியைப் பிரித்துப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும். உள்ளே இருப்பவை நான்கு சிறு சுவிட்சுகளே. ஒவ்வொரு சுவிட்சின் வயரும் சும்மா இருக்கையில் 5 வோல்ட்டில் நிற்கிறது. அழுத்தினால் தரையோடு இணைந்து சுழிக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தையே பலகை 'அழுத்தப்பட்டது' என்று படிக்கிறது. கணிப்பொறிக்கோ விசைப்பலகையின் மொழிதான் தெரியும். ஆகவே இடையில் ஒரு சிறு மொழிபெயர்ப்புப் பலகை வேண்டும். ஜாமா இணைப்பானை அப்படியே செருகிக்கொள்ளும் பலகைகள் விற்பனைக்கு உள்ளன. அவற்றை வாங்கினால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

திரை எரியும் கணக்கு

இம்மாற்றத்தில் பலர் தவறுவது இங்கேதான். பழைய திரை நொடிக்கு ஏறக்குறைய 60 படம் வரைகிறது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய 262 கோடுகள். பெருக்கினால் நொடிக்கு 15,720 கோடுகள். கணிப்பொறியின் பழைய வி.ஜி.ஏ. முறையிலோ படத்துக்கு 525 கோடுகள். அதாவது நொடிக்கு 31,500. நடை வேகம் ஏறக்குறைய இரு மடங்கு! 15,000 அளவிலேயே ஓடும்படி அமைந்த திரைக்கு இந்த இரட்டை வேகத்தை ஊட்டினால் படம் சிதறும். சில திரைகளின் பாகங்கள் சூடேறி எரிந்தும் போகும். விளையாட்டு தொடங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் பிழை. கணிப்பொறி விழித்தெழும் முதல் சில நொடிகளிலேயே இரட்டை வேகத்தில் அனுப்பிவிடும். எனவே வேகம் மிகுந்த சைகையைத் தடுத்து நிறுத்தும் பலகையைப் பயன்படுத்துக.

தவறினால் புதுத்திரை வாங்கலாமே என்றால், படக்குழாய்த் தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எரிந்த குழாய்க்கு ஈடாக மற்றொரு பழைய குழாயைத்தான் தேட வேண்டும். திரை முன்பே கெட்டிருந்தால், அதைத் தக்கவரிடம் ஒப்படைத்துவிட்டு, தட்டைத் திரை ஒன்றைப் பொருத்தலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒலியும் உயிரும்

ஜாமா முறையில் ஒலியைப் பெருக்கித் தருவது விளையாட்டுப் பலகையே. கணிப்பொறியிலிருந்து வருவது மெல்லிய ஒலிச் சைகை. ஆதலால் சிறிய ஒலிபெருக்கிச் சுற்று ஒன்று இடையில் தேவை.

இனி மென்பொருள். 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய 'மேம்' என்பது, பழைய பலகைகளின் நடையைக் கணிப்பொறியில் அப்படியே நடித்துக் காட்டுவது. ஒரே கூத்துக்கலைஞன் ஓர் இரவில் பல வேடம் கட்டுவதுபோல, அது இன்று ஒரு பலகையாகவும் நாளை மற்றொரு பலகையாகவும் நடிக்கும். அதில் விசைப்பலகையின் 5 என்னும் விசை காசு போடுவதற்கு. 1 என்னும் விசை ஆட்டம் தொடங்குவதற்கு. காசுக் கதவின் சுவிட்சை 5-உடன் இணைத்தால், காசு விழும் ஓசையோடு ஆட்டம் தொடங்கும் பழைய மகிழ்ச்சியும் கிடைக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. மேம் இலவசம், அதில் ஓடும் விளையாட்டுகள் இலவசம் அல்ல. அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. 'ராபி ரோட்டோ' போன்ற சிலவற்றை மட்டுமே, வணிகம் இன்றி ஆடுவதற்கு உரிமையாளர் மனமுவந்து விட்டுக்கொடுத்துள்ளனர். அவற்றிலிருந்து தொடங்குவது முறை. மேலும், பழைய பெட்டியைச் சுவிட்சைத் தட்டி அணைக்கலாம். கணிப்பொறியை அப்படி அணைத்தால் அதன் நினைவட்டை கெடக்கூடும். முறைப்படி அணைப்பதற்கென்று ஒரு பொத்தானை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு சோதனை

வேலை முடிந்ததும் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நாளை எவரேனும் உயிருள்ள பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்தால், ஒரே மாலைப் பொழுதில் கணிப்பொறியைக் கழற்றி, அதைச் செருகி ஓட்ட முடியுமா? முடியும் என்றால் நம் மாற்றம் நல்ல மாற்றம். முடியாது என்றால், நாம் ஒரு பெட்டியைப் புதுப்பிக்கவில்லை. அதன் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழையதைக் காப்பதற்கும் புதியதைக் கற்பதற்கும் இடையே பகை இல்லை. வெட்டுக் கத்தியை எடுக்குமுன் பெயர்ச் சீட்டைக் கட்டுபவன் இரண்டையும் பெறுவான்.