பழைய லப்டொப்பில் கெட்டது எந்த உறுப்பு? வீட்டிலேயே கண்டறிய 17 குறிப்புகள்

அடம்பனில் ஒரு வீட்டுக்கு லப்டொப் வந்தால் அது மூத்த பிள்ளையின் உயர்தரத்திலிருந்து கடைக்குட்டியின் சாதாரண தரம் வரைக்கும் உழைத்தாக வேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழி வகுப்பு தொடங்கியபோது வாங்கியவையும், வெளிநாட்டில் உள்ள மாமாவோ சித்தியோ பாவித்துவிட்டு அனுப்பியவையும் இன்று முதுமை அடைந்துவிட்டன. 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபின், புதியது வாங்குவது ஒரு போக வேளாண்மையின் வருமானத்தைக் கேட்கிற காரியமாகிவிட்டது.

ஆனாலும் லப்டொப் ஒருநாள் ஓடாமல் நின்றால், "மதர்போர்ட் போய்விட்டது" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். பல வேளைகளில் போனது ஒரு சார்ஜராகவோ ஒரு றாம் துண்டாகவோதான் இருக்கும். எது கெட்டது என்பதை வீட்டில் இருந்தபடியே பிரித்தறியலாம். இரண்டு விதிகளை மட்டும் மறக்க வேண்டாம். சோதனைக்கு முன் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

1. முதலில் கொப்பி எடுங்கள். லப்டொப் இன்னும் ஓடுகிறது, ஆனால் குணம் மாறியிருக்கிறது என்றால், வேறு எதையும் தொடமுன் கோப்புகளைப் பென்ட்ரைவிலோ வெளி டிஸ்கிலோ எடுத்துவிடுங்கள். குடும்பப் படங்கள், ஸ்கான் செய்த பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் ஒப்படைகள் எல்லாம் அதில் அடங்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள்தான் சிதறிக் கிடக்கும்.

2. நோய்க்குறிப்பு எழுதுங்கள். எந்த நேரத்தில் நின்றது, சார்ஜரில் இருந்ததா, அப்போது என்ன வேலை நடந்தது, என்ன சத்தம் கேட்டது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தியைத் தொலைபேசியால் படம் எடுங்கள். மதிய வெக்கையில் மட்டும் நின்றால் சூட்டையும், மூடியை அசைக்கும்போது மட்டும் படம் போனால் கேபிளையும் சந்தேகிக்கலாம். மூன்று நாள் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

3. உயிரே இல்லையென்றால் சார்ஜரில் தொடங்குங்கள். முதலில் அதே பிளக்கில் வேறொரு பொருளைச் செருகிக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு சார்ஜர் கட்டியின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். பல லப்டொப்களுக்கு 19 அல்லது 19.5 வோல்ட் வர வேண்டும். மல்ரிமீற்றர் உள்ள ஒருவர் அரை நிமிடத்தில் அளந்து சொல்வார். இரவல் சார்ஜரில் சோதிப்பதானால் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், முனை பொருந்த வேண்டும், அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். அம்பியர் குறைந்தால் லப்டொப் ஓடினாலும் பற்றரி ஏறாமல் போகலாம், சார்ஜரும் கொதிக்கும்.

4. செருகும் துளையை ஆட்டிப் பாருங்கள். சார்ஜர் முனையை மெதுவாக அசைக்கும்போது சார்ஜ் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், துளையின் உட்பகுதி தளர்ந்துவிட்டது. பல மொடல்களில் இது தனித்துண்டு, மதர்போர்ட்டை மாற்றாமலே மாற்றலாம். கருகிய மணமோ கறுப்புத் தழும்போ தெரிந்தால் அதற்குமேல் மின் கொடுக்காதீர்கள்.

5. எஞ்சிய மின்னை வடியுங்கள். சார்ஜரைக் கழற்றி, பற்றரியும் கழறுகிற வகையானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பற்றரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி இயக்குங்கள். ஓடினால் சந்தேகம் பற்றரிமேல் விழுகிறது. கரண்ட் அடிக்கடி போய் வந்த நாள்களுக்குப் பிறகு ஓடாமல் நிற்கும் லப்டொப் சில நேரம் இந்த ஒரு வேலையோடேயே எழுந்துவிடும்.

6. சத்தத்தையும் விளக்கையும் எண்ணுங்கள். திரை வராமல் "பீப்" சத்தம் கேட்டாலோ ஒரு விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, எத்தனை தடவை என்று எண்ணி எழுதுங்கள். எந்த உறுப்பில் குறை என்பதை இயந்திரம் அப்படித்தான் சொல்கிறது. எண்ணிக்கையின் பொருள் மொடலுக்கு மொடல் வேறுபடும் என்பதால் உங்கள் மொடலின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

7. உள்ளேயே இருக்கும் சோதனையைப் பயன்படுத்துங்கள். டெல் லப்டொப்பை இயக்கியதும் எஃப் 12 விசையைத் தட்டினால் வரும் பட்டியலில் டயக்னோஸ்டிக்ஸ் இருக்கும். எச்பியில் எஸ்கேப், அடுத்து எஃப் 2. றாம், டிஸ்க், பற்றரி, விசிறி எல்லாவற்றையும் இது சோதிக்கும். விண்டோஸ் தொடங்குமுன்னே நடப்பதால் விண்டோஸின் குழப்பம் முடிவில் கலக்காது. பிழை எண் வந்தால் படம் எடுத்து வையுங்கள்.

8. இருண்டது திரையா, இயந்திரமா? விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை என்றால் இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைத் திரைமேல் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் பின்னொளி மட்டுமே போயிருக்கிறது. பிறகு எச்டிஎம்ஐ வயரால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் தெளிவாக வந்தால் மதர்போர்ட் நலமாக இருக்கிறது, குறை திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். திரை மாற்றும்வரை தொலைக்காட்சியிலேயே பிள்ளை படிக்கலாம்.

9. றாமைக் கழற்றிப் பொருத்துங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு செய்தியோடு நீலத்திரை வந்தாலோ, இயக்கியதும் பீப் மட்டும் கேட்டாலோ முதல் சந்தேகம் றாம். சார்ஜரையும் பற்றரியையும் நீக்கி, ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக் கையின் நிலைமின்னைப் போக்கிவிட்டுத் திறவுங்கள். துண்டின் தங்க நிறப் பற்களைச் சுத்தமான அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, "கிளிக்" என்று விழும்வரை பொருத்துங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். ஓடத் தொடங்கியபின் "விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்" என்று தேடிச் சோதியுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்தத் துண்டை நம்ப வேண்டாம். புதிது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். டிடிஆர் 3 உள்ள இடத்தில் டிடிஆர் 4 பொருந்தாது.

10. டிஸ்க் தட்டும் சத்தம் அபாய மணி. பழைய லப்டொப்களில் பலவற்றில் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஒரே தாளத்தில் "டக் டக்" என்று கேட்டாலும், ஒரு கோப்பைத் திறக்க நிமிடக்கணக்கில் எடுத்தாலும் அதற்கு மிச்சமுள்ள ஆயுள் குறைவு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நலத்தை நிறத்தால் காட்டும்: நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முடிவு. மஞ்சள் வந்த டிஸ்கில் திருத்தும் மென்பொருளை ஓட்டாதீர்கள், ஃபோர்மட் செய்யாதீர்கள். இருக்கிற உயிரைக் கொப்பி எடுக்க மட்டும் செலவழியுங்கள். தட்டும் சத்தம் கேட்கிற டிஸ்கில் விலைமதிக்க முடியாத படங்கள் இருந்தால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி வகை இப்படிச் சத்தம் போடாது. எச்சரிக்காமலே நின்றுவிடவும் கூடும் என்பதால் அதற்கும் கொப்பி வேண்டும்.

11. பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். இது விண்டோஸின் கோளாறா, பாகத்தின் கோளாறா என்று தெரியாதபோது 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்டைப் பதிந்து, அதிலிருந்து தொடங்குங்கள். நிறுவாமல் "முயன்று பார்" என்பதையே தெரிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் தடங்கலின்றி ஓடினால் றாமும் மதர்போர்ட்டும் பெரும்பாலும் நலம். குறை டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது. விண்டோஸ் எழும்பாத நாளில் கோப்புகளைக் காப்பாற்றவும் இதே பென்ட்ரைவ் உதவும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அதைக் கேட்டு நல்ல இயந்திரத்தைக் கழித்துவிட வேண்டாம், லினக்ஸில் அது இன்னும் பல ஆண்டு ஓடும்.

12. சோளகமும் சூடும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும், அருவி வெட்டுக் காலத்தில் நெல்லின் சுனையும் விசிறியின் வாயில் போய் அடைகின்றன. பெரும்பாலான சிப்புகள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைக்கும், அப்போதும் தணியாவிட்டால் லப்டொப் பட்டென்று அணையும். ஆறியபின் மீண்டும் ஓடினால் அது சூடுதான். அணைத்துவிட்டு, விசிறி இறக்கை சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, மென்தூரிகையாலும் காற்றாலும் புழுதியை எடுங்கள். சிப்பின் மேலுள்ள பசை காய்ந்திருந்தால் அதைப் புதுப்பிப்பது கடையில் சின்ன வேலை. பாயிலும் மெத்தையிலும் வைத்து ஓட்டாதீர்கள்.

13. உப்புக் காற்றை நினைவில் வையுங்கள். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை போன்ற கரையோர ஊர்களில் யூஎஸ்பி துளைகளிலும் றாம் பற்களிலும் வெள்ளை அல்லது பச்சைப் படிவு வரும். தொடுகை விட்டுவிட்டு வருவதற்கு அதுவே காரணமாகலாம். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட மென்தூரிகையால் துடைத்து, முழுவதும் உலரவிட்டு இயக்குங்கள். பாவிக்காத நேரம் கடற்காற்றுப் படும் யன்னலோரத்தில் திறந்து வைக்க வேண்டாம்.

14. பற்றரி வீங்கியதா பாருங்கள். பல பற்றரிகள் 300 முதல் 500 முழுச் சுற்றுக்குப் பின் தளர்ந்துவிடும். அது முதுமை, ஆபத்தில்லை. ஆனால் தொடுபலகை மேலே எழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, அடிப்பகுதி புடைத்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. உடனே சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அமர்த்தாதீர்கள். எரியக்கூடிய பொருள் இல்லாத சீமெந்துத் தரையில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, திருத்துபவரை அழையுங்கள். எரிக்கவோ புதைக்கவோ கூடாது.

15. திகதி பின்னால் போகிறதா? ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் திகதி பழைய ஆண்டுக்குப் போனால், உள்ளே உள்ள நாணயம் போன்ற சின்னப் பற்றரி தீர்ந்துவிட்டது. பலவற்றில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பற்றரி. திகதி பிழைத்தால் வங்கி, பரீட்சை இணையத்தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கும். வைரஸ் என்று பயந்து விண்டோஸை அழிக்கமுன் வலது கீழ் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள்.

16. விசை, தேநீர், மின்னல். ஓர் எழுத்துத் தானாக அடித்துக்கொண்டே போனால் வெளி யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிப் பாருங்கள்; அதில் எழுத்துச் சரியாக விழுந்து, பழையது தொடர்ந்து தொல்லை தந்தால் மாற்ற வேண்டியது விசைப்பலகை மட்டும். தேநீர் சிந்தினால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, அரிசித் தூள்தான் உள்ளே போகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கினால் சார்ஜரோடு ரூட்டர் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் மதர்போர்ட்டுக்கு வரும்.

17. கடைக்குப் போகும்போதும் கைவிடும்போதும். மன்னார் நகரக் கடைக்குக் கொண்டு போவதானால் உங்கள் குறிப்பையும் படங்களையும் காட்டுங்கள். திரைக்கோ சார்ஜருக்கோ கொடுக்கிறீர்கள் என்றால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். எல்லாச் சோதனைக்குப் பிறகும் மதர்போர்ட்தான் என்று உறுதியானால், திருத்தும் செலவு அதேபோன்ற பாவித்த லப்டொப்பின் விலையில் பாதியைத் தாண்டும்போது விட்டுவிடுவது நல்லது. அப்போதும் டிஸ்க் ஒரு யூஎஸ்பி உறைக்குள் வெளி டிஸ்காக வேலை செய்யும். றாமும் சார்ஜரும் இன்னொரு வீட்டு லப்டொப்பை எழுப்பும். எஞ்சியதைக் குப்பையோடு எரிக்காமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள்.

உங்கள் அலுமாரிக்குள்ளும் "போய்விட்டது" என்று வைத்த ஒன்று இருந்தால், இன்று மாலை அதை வெளியே எடுத்து 3ஆம் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். இரவல் சார்ஜர் ஒன்று போதும், பாதிக் கேள்விக்கு விடை தெரிந்துவிடும்.