பூனைக்குக் கோன் மாட்டியாச்சா? அடுத்த 10 நாளுக்கு ஒரு பாடம்

வீட்டுப் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் ரெண்டு விஷயம் கையில் கொடுப்பார். ஒண்ணு மருந்துச் சீட்டு. இன்னொண்ணு எண்ணெய் ஊத்துற புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கோன். மருந்தைப் பத்தி யாருக்கும் சந்தேகம் வராது. கோனைப் பார்த்தாதான் வீட்டுல பஞ்சாயத்து ஆரம்பிக்கும். பூனை பின்னாடியே நடக்கும், சுவத்துல முட்டும், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "பாவம்டா, கழட்டி விடு" என்று நாலு பேர் சொல்வாங்க. அந்த 10 நாளைத் தையலும் பிரியாம, பூனையும் நொந்து போகாம எப்படித் தாண்டுறது என்பதுதான் இந்தப் பாடம்.

1. நக்கினா என்ன ஆயிடும்?

"பூனை நக்கினா புண் ஆறிடும்" என்று ஊர்ல சொல்வாங்க. சின்னக் கீறலுக்கு எப்படியோ, தையல் போட்ட வயித்துக்கு அது ஆகாது. பூனை நாக்கு உங்க கையில பட்டிருந்தா உப்புத்தாள் மாதிரி இருந்தது ஞாபகம் வரும். அந்த நாக்குல பின்பக்கமா வளைஞ்ச சின்னச் சின்ன முள்கள் நூத்துக்கணக்குல இருக்கு. நம்ம நகத்துல இருக்கிற அதே கெரட்டின்தான் அதிலும். 2018ல் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற ரெண்டு பேர் இந்த முள்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. முள்ளோட நுனி குழிவா இருக்கு, எச்சிலை இழுத்து வச்சு ரோமத்தோட அடி வரைக்கும் கொண்டுபோய் விடுது என்று கண்டுபிடிச்சாங்க. நம்ம டிபார்ட்மென்ட் பாஷையில சொன்னா, நுண்குழாய் விளைவு.

ரோமத்துக்கு இது அருமையான டிசைன். தையலுக்கு இதே டிசைன்தான் எதிரி. முள் நூலைக் கொக்கி போட்டு இழுக்கும், எச்சில் காயத்தை ஈரமாவே வச்சிருக்கும், வாயில இருக்கிற கிருமி உள்ளே போகும். முழிச்சிருக்கிற நேரத்துல கிட்டத்தட்ட கால்வாசியைப் பூனை நக்கிச் சுத்தம் பண்றதுலதான் செலவழிக்குது. அதனால "நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிறேன்" என்பது நடக்காத காரியம். நீங்க ஒரு ரீல் பார்த்து முடிக்கிறதுக்குள்ள அது ஒரு தையலைப் பிரிச்சிடும்.

2. கோன் போட்டா பூனைக்கு எப்படி இருக்கும்?

இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். கோன் மூணு சென்சாரை ஒரே நேரத்துல கெடுக்குது.

மீசை: ஒவ்வொரு பக்கமும் சுமார் 12 நீள முடி. சந்துக்குள்ள நுழைய முடியுமா, பக்கத்துல என்ன இருக்கு என்று பூனை அளக்கிறது இதை வச்சுத்தான். கோன் போட்டா மீசை எந்நேரமும் பிளாஸ்டிக்ல உரசிக்கிட்டே இருக்கும். நாலு பக்கமும் சுவர் ஒட்டி இருக்கிற மாதிரி ஒரு தப்பான சிக்னல்.

கண்: பூனைக்குச் சுமார் 200 டிகிரி பார்வை. கோன் பக்கவாட்டை மறைச்சிடும். பக்கத்துல இருந்து திடீர்னு தொட்டீங்கன்னா அது பதறுறது அதனாலதான்.

காது: கோயில் திருவிழாவுல கட்டுற கூம்பு ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்டுக் கேளுங்க, அதுதான் கோன். முன்னாடி வர்ற சத்தம் பெருசாக் கேட்கும், எந்தத் திசை என்பது குழம்பிடும். மிக்ஸி போட்டா கட்டிலுக்கு அடியில ஓடிடும்.

இது வெறும் செல்லம் கொஞ்சல் இல்லை. 2020ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 434 வளர்ப்பாளர்களைக் கேட்டப்ப, 77.4 சதவீதம் பேர் கோன் போட்ட நாட்கள்ல தங்கள் பிராணியோட வாழ்க்கைத் தரம் குறைஞ்சதுன்னு சொன்னாங்க. அதனால பூனைக்குக் கஷ்டம் என்று சொல்ற வீட்டுப் பெரியவங்க சொல்றதும் நிஜம், கோன் வேணும் என்று சொல்ற டாக்டர் சொல்றதும் நிஜம். கோனைக் கழட்டாமலே கஷ்டத்தைக் குறைக்கிறதுதான் நம்ம வேலை.

3. அளவு சரியா?

பாதிப் பிரச்சினை அளவுலதான். ரெண்டு செக் பண்ணுங்க. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். கோனோட ஓரம் மூக்கு நுனியைத் தாண்டி ஒரு 2 செ.மீ. வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கணும். குட்டையா இருந்தா வளைஞ்சு நக்கிடும், ரொம்ப நீளமா இருந்தா சாப்பிட முடியாது.

ஆலங்குடி மாதிரி ஊர்கள்ல கால்நடை மருந்தகத்துக்கு வர்றது பெரும்பாலும் மாடும் ஆடும்தான். பூனை சைஸ் கோன் அன்னிக்கு ஸ்டாக் இல்லாம போகலாம். பல டாக்டர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிக் கோன் செஞ்சு மாட்டிவிடுவாங்க. அதை நீங்களே சரியாச் செய்யலாம், ஃபர்ஸ்ட் இயர் கிராபிக்ஸ்ல போட்ட கூம்பு டெவலப்மென்ட்தான்.

கழுத்துச் சுற்றளவு 20 செ.மீ. என்று வைங்க. ரெண்டு விரல் இடத்துக்கு 3 சேர்த்தா 23. பட்டையில இருந்து மூக்கு தாண்டி 2 செ.மீ. வரைக்கும் சாய்வு நீளம் 11. வெளி வட்டத்தோட விட்டம் 22 என்று எடுத்தா சுற்றளவு 69. இப்ப:

உள் ஆரம் = 23 × 11 ÷ (69 − 23) = 5.5 செ.மீ.
வெளி ஆரம் = 5.5 + 11 = 16.5 செ.மீ.
கோணம் = 46 ÷ 11 = 4.18 ரேடியன், அதாவது சுமார் 240 டிகிரி.

இந்த வடிவம் 33 × 25 செ.மீ.க்குள் அடங்கும். ஒட்டுறதுக்கு ஒரு பக்கம் 3 செ.மீ. கூடுதலா விட்டாலும் 12 × 15 இன்ச் எக்ஸ்ரே ஃபிலிம் ஒண்ணு போதும். ஃபிலிம் கறுப்பா இருந்து பூனை மிரண்டா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் பண்ற கடையில வெறும் ஏ3 லேமினேஷன் ஷீட் ரெண்டைச் சேர்த்து வாங்குங்க, வெளிச்சம் உள்ளே வரும். வெட்டின ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். உள் ஓரம், வெளி ஓரம் ரெண்டுக்கும் துணி டேப் சுத்தாம மாட்டவே கூடாது. முடிச்சதும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

4. வீட்டை எப்படி மாத்தணும்?

பூனை வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு ரூமைத் தயார் பண்ணுங்க. முதல் ராத்திரி மயக்கம் முழுசாத் தெளிஞ்சிருக்காது, தரையிலயே பழைய வேட்டியை நாலா மடிச்சுப் போட்டுப் படுக்க வைங்க. பரண், பீரோ மேல், ஜன்னல் திட்டு எல்லாத்துக்கும் ஏறுற வழியை அடைச்சிடுங்க. கோனோட தூரத்தைக் கணிக்க முடியாது, தாவினா விழும். நடக்கிற வழி 30 செ.மீ.க்குக் குறையாம இருக்கணும். நாற்காலிக் காலுக்கு நடுவுல கோன் மாட்டிக்கிட்டா பயந்து இழுக்கும்.

வெளியே விடவே விடாதீங்க. நம்ம பக்கம் திறந்த கிணறு, முள்வேலி, தெரு நாய் எல்லாம் உண்டு. பக்கம் பார்க்க முடியாத பூனைக்கு மூணுமே ஆபத்து. தகரக் கூரை ஷெட்ல அடைக்கவும் வேண்டாம், வெயில்ல வெந்துடும்.

முதல் சில மணி நேரம் பின்னாடி நடக்கும், இல்லாட்டி கல்லு மாதிரி உட்கார்ந்திடும். பயப்படாதீங்க. பெரும்பாலான பூனைகள் ஒண்ணு ரெண்டு நாள்ல பழகிக்கும். எப்பவும் முன்பக்கமா வந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு அப்புறம் தொடுங்க.

5. சாப்பாடு, தண்ணி, எறும்பு

தட்டு கோனோட விட்டத்தைவிடச் சின்னதா இருக்கணும். 22 செ.மீ. கோனுக்கு 12 செ.மீ. கிண்ணம் சரி. அதை ஒரு குட்டி டப்பா மேல 4 செ.மீ. உயரத்துல வச்சா, கோன் தரையில இடிக்காம வாய் கிண்ணத்துக்குப் போகும். அப்பவும் சாப்பிடலைன்னா உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாம வேகவைச்ச மீனை ஆற வச்சு விரல்ல எடுத்துக் காட்டுங்க. வாசனைக்கு மயங்காத பூனை குறைவு.

சாப்பிட்டதும் கோன் உள்பக்கத்தை ஈரத்துணியால துடைச்சிடணும். இல்லாட்டி எறும்பு நேரா முகத்துக்கே வரும். எறும்பு சாக்பீஸ் கோடு போடாதீங்க, அதுல இருக்கிற பூச்சிக்கொல்லி பூனைக்கு ஆகாது. கிண்ணத்தைத் தண்ணி ஊத்தின தட்டுக்கு நடுவுல வைங்க, நம்ம வீட்டுல மிட்டாய் டப்பா வைக்கிற டெக்னிக்தான்.

மூடி இல்லாத, ஓரம் 5 செ.மீ. உயரம் உள்ள ட்ரேல கிழிச்ச நியூஸ்பேப்பர் போட்டு வைங்க. மணல் வேண்டாம், காயத்துல ஒட்டும். நக்கிக்க முடியாததால முகம், கன்னம், காதுக்குப் பின்னாடி எல்லாம் நீங்கதான் துடைச்சு, மெதுவாச் சொறிஞ்சு விடணும். கழுத்து ரோமத்தை விலக்கிப் புண் இருக்கான்னு தினமும் ஒரு தடவை பாருங்க.

6. நீங்க ஹாஸ்டல்ல, பூனை வீட்டுல

நம்மள்ல நிறையப் பேரோட நிலைமை இதுதான். சனி, ஞாயிறு வீட்டுல இருந்து பார்த்துட்டு திங்கள் காலையில பஸ் ஏறிடுவோம். மீதி அஞ்சு நாள் அம்மா, அப்பத்தா பொறுப்பு. அப்பத்தா மனசு இளகினா கோன் கழண்டிடும். "டாக்டர் சொன்னார், கழட்டக்கூடாது" என்று மட்டும் சொன்னா வேலைக்கு ஆகாது. நாக்கு முள் கதையைச் சொல்லுங்க. தையல் பிரிஞ்சா மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல், மறுபடி 10 நாள் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்க. அவங்க இரக்கத்துக்கும் ஒரு வேலை கொடுங்க: சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உட்கார்றது, கன்னம் சொறியறது, துடைக்கிறது. பாவம் பார்க்கிறவங்கதான் பூனையை நல்லாப் பார்த்துக்கிறவங்களும்.

கோன் ஒத்தே வரலைன்னா மெத்துனு துணிக் கோன், பழைய பனியன்ல நாலு கால் ஓட்டை போட்ட சட்டை என்று மாற்று இருக்கு. காயம் எங்கே இருக்கு என்பதைப் பொறுத்துத்தான் எது சரிவரும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க. காத்தடிச்ச டோனட் வளையம் மட்டும் பல பூனைகளை நிறுத்தாது, அவ்வளவு வளையும் உடம்பு அது.

7. உடனே டாக்டர்கிட்ட போக வேண்டியது எப்போ?

- 24 மணி நேரம் ஒண்ணுமே சாப்பிடலை. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் பாதிக்கும்.
- தையல் பிரிஞ்சிருக்கு, சிவந்து வீங்கியிருக்கு, சீழோ ரத்தமோ வருது.
- வாயைத் திறந்து மூச்சு வாங்குது, எழுந்திருக்கவே இல்லை.
- ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகலை. ஆண் பூனைன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. முக்கி முக்கி உட்கார்ந்தும் வரலைன்னாலே கிளம்புங்க.

பக்கத்துல டாக்டர் இல்லைன்னா கால்நடை அவசர உதவி எண் 1962க்குக் கூப்பிடுங்க. வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீங்க. வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்தா ஒரே மாத்திரை பூனையைக் கொன்னுடும். அதை உடைச்சு வெளியேத்துற நொதி பூனை கல்லீரல்ல ரொம்பக் குறைவு. டெட்டால் மாதிரி ஃபீனால் கலந்த எதையும் காயத்துல தடவ வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்.

தையல் பொதுவா 10 முதல் 14 நாள்ல பிரிப்பாங்க. தானா கரையிற நூலா இருந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் கோன் இருக்கட்டும். கழட்டின அன்னிக்கு ஒரு வேலை மிச்சம்: 10 நாள் அரியரை ஒரே மூச்சுல க்ளியர் பண்ற மாதிரி மணிக்கணக்குல நக்கும். உடம்பை நக்கட்டும். காயத்துலயே நாக்கு நின்னுச்சுன்னா மட்டும் கோனைத் திரும்பவும் மாட்டிட்டு டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. அதுக்காகவாவது கோனைக் கழட்டின கையோட குப்பையில போடாதீங்க.