கிறிஸ்துமஸ் தட்டில் எதை எடுப்பது?

டிசம்பர் பாதியைத் தாண்டினால் தாம்பரம் மார்க்கெட்டிலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பேக்கரி வாசலில் மேசை போட்டுப் பிளம் கேக்கை அடுக்கிவிடுவார்கள். வீடுகளில் சோமாசி, குல்குல், அச்சு முறுக்கு. இருபத்தைந்தாம் தேதி மாலைக்குள் நாலு வீட்டுத் தட்டு நம் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். "இதில எதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்க்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள். பழமோ பூரணமோ வைத்த மூன்று பண்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பிளம் கேக், தில்பசந்த், சோமாசி.

பிளம் கேக்கில் பிளம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சைக்கும் அதுதான் பெயர். எனவே அந்தக் கேக்கின் தரம் அதில் எவ்வளவு திராட்சை, பேரீச்சை, முந்திரி இருக்கிறது என்பதைப் பொறுத்ததே. போன வருஷம் ஒரு கடையில் வாங்கி வந்த கேக்கை வெட்டினால் உள்ளே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. திராட்சையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, நிறமேற்றியது. காயின் சத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும், மிஞ்சுவது சர்க்கரை. உலர்திராட்சை அப்படியல்ல. அதில் பொட்டாசியம் உண்டு, நார்ச்சத்தும் கொஞ்சம் இரும்புச்சத்தும் உண்டு. ஆனால் ஒரு கிலோ திராட்சை காய்ந்தால் கால் கிலோதான் தேறும் என்பதால், பழத்தின் இனிப்பு முழுவதும் அந்தக் கால் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. "உலர்பழம்தானே" என்று அள்ளிப்போட முடியாது.

வீட்டு அளவில் கணக்குப் போட்டால், 50 கிராம் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 200 கலோரி. திராட்சையின் இனிப்பை விட்டுவிட்டாலும், சேர்த்த சர்க்கரை மட்டுமே 12 முதல் 15 கிராம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்த்த சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு துண்டில் அந்த 25 தீர்ந்துவிடும்.

தில்பசந்தைச் சில கடைகளில் பன் மாவில் செய்கிறார்கள், சில கடைகளில் பஃப் மாவில். பஃப் மாவு என்றால் மைதாவுக்கும் மைதாவுக்கும் நடுவே மார்ஜரினோ வனஸ்பதியோ வைத்து மடித்து மடித்துத் தேய்த்தது. ஒரு துண்டை டிஷ்யூ தாளில் ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், அடியில் எண்ணெய் வட்டம் விழும். உள்ளே தேங்காய்த் துருவல், சர்க்கரை, மறுபடியும் டூட்டி ஃப்ரூட்டி. தேங்காய் நல்லதுதான், ஆனால் சர்க்கரையோடும் இத்தனை கொழுப்போடும் சேர்ந்து வரும்போது அதன் நார்ச்சத்தைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. பாக்கெட்டில் வாங்கினால் அதைப் படித்துப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டியில் திறந்து கிடப்பதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

சோமாசியைப் பிட்டால் பொட்டுக்கடலை மாவு மடியில் கொட்டும். எனக்கு அதன் மேல் பிரியம் வந்ததே அங்கேதான். இந்த மூன்றில் பூரணத்துக்குள் ஒரு பருப்பு இருப்பது இதற்கு மட்டுமே. பொட்டுக்கடலையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். கூடவே கொப்பரைத் துருவல், கசகசா, ஏலக்காய். நான் செய்கிற அளவில் ஒன்றுக்கு மைதா 15 கிராம், பொட்டுக்கடலை 5 கிராம், சர்க்கரை 5 கிராம். புரதம் 3 கிராம் வரும். எண்ணெய் குடிப்பதையும் சேர்த்தால் சுமார் 150 கலோரி. கையளவுப் பண்டத்துக்கு இது அதிகம்தான், மறைக்கவில்லை. மூன்று தின்றால் நாலு இட்லி, சட்னிக் கணக்கைத் தாண்டிவிடும். ஆனால் சர்க்கரை கேக் துண்டில் பாதிகூட இல்லை. அதையும் பாதியாக்கி, பொடியாக நறுக்கிய பேரீச்சையைச் சேர்க்கலாம். மைதாவில் மூன்றில் ஒரு பங்கைக் கோதுமை மாவாக மாற்றினாலும் ஓரம் நன்றாக ஒட்டும். பொரித்த எண்ணெயை மறுநாள் அப்பளத்துக்கு எடுக்காதீர்கள்.

பாக்கெட் கேக் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரைக்கு எவ்வளவோ கீழே திராட்சை வந்தால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

என் தட்டில் முதலிடம் வீட்டுச் சோமாசிக்கு, அடுத்தது திராட்சை நிறைந்த மெல்லிய கேக் துண்டுக்கு. தில்பசந்தை ஆசைக்கு ஒரு வாய், அதுவும் நாலு பேர் பங்கிட்டு. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நீங்கள் தட்டு அனுப்பும் நாலு வீட்டில் ஒரு வீட்டிலாவது அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அந்தத் தட்டில் கேக்கைக் குறைத்து, ஒரே ஒரு சோமாசியும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும், இரண்டு கொய்யாப்பழமும் வையுங்கள்.